எஞ்சினுக்கு நன்னீர்

கடற்கரையில் வாழ்வோர்க்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் உள்நாட்டார் நகைப்பர். கண்ணுக்கெட்டிய மட்டும் நீரை வைத்துக்கொண்டு, ஒரு குடம் நீருக்காக லாரியின் வரவை எதிர்நோக்கி நிற்கும் ஊர் எமது ஊர். தூத்துக்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ளது. கிணறு வெட்டினால் நீர் ஊறும். ஊறிய நீர் வாயில் வைத்தால் கரிக்கும். அத்தகைய ஊரிலே, மனிதர் குடிப்பதற்கன்றிப் படகின் எஞ்சினுக்கு நன்னீர் வேண்டும் என்று யாம் கேட்டபோது வீட்டில் எழுந்த வியப்பையும் சினத்தையும், அதன்பின் நிகழ்ந்தவற்றையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு உரைக்கப் புகுகின்றோம். இக்கல்லூரியில் மூன்றாண்டு பௌதிகம் பயின்ற யாம், அதனை உண்மையிற் கற்றது எவ்விடத்தில், எவரிடத்தில் என்பதும் இதனால் விளங்கும்.

எம் தந்தையாரின் வள்ளம் முற்காலத்தில் பாய் விரித்து ஓடியது. 1999-ஆம் ஆண்டில் அதில் எஞ்சின் ஏறியது. இரண்டு சிலிண்டர்களும் இருபது குதிரைச் சக்தியும் உடைய டீசல் எஞ்சின் அது. பாய் அன்றே சுருட்டப்பட்டு வீட்டுப் பரண்மேல் ஏறியது. எமக்கு உணவும் உடையும், பின்னர் இக்கல்லூரியின் கட்டணமும் அவ்வெஞ்சினின் உழைப்பினாலேயே வந்தன. ஆதலின் அதனை வெறும் இரும்பு என்று எண்ண எம்மால் இயலாது.

எண்ணெயை எரித்து ஓடும் இத்தகைய சிறு எஞ்சின், எண்ணெயில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கையே வேலையாக மாற்றும். மற்றொரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதிற் பெரும்பகுதி சிலிண்டரின் சுவரையும் தலைப்பாகத்தையும் சுடவைக்கும். அவ்வுஷ்ணத்தை அவ்வப்போது அகற்றாவிடில் இரும்பு விரியும், உராயும், முடிவில் இறுகி நின்றுவிடும். எமது எஞ்சினில் இதற்கு இருந்த ஏற்பாடு மிக எளியது. வள்ளத்தின் அடியில் ஒரு துளை; அதிலிருந்து ஒரு குழாய்; ரப்பர்ச் சக்கரம் பொருந்திய ஒரு பம்பு. கடல்நீர் நேரே எஞ்சினின் உட்புறத்தில் ஏறிச் சூட்டை வாங்கிக்கொண்டு, வள்ளத்தின் பக்கத்தில் உள்ள துளை வழியே வெளியே பாயும். தந்தையார் எஞ்சினை முடுக்கியதும் முதலிற் பார்ப்பது அப்பாய்ச்சலைத்தான். அது தடையின்றி வந்தால் எல்லாம் நலம் என்பது அவர் கணக்கு.

2021-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஓரிரவு அக்கணக்குத் தவறியது. தந்தையாரும் தமையனாரும் வலையை வாங்கிக்கொண்டு திரும்பும் வேளையில் எஞ்சினிலிருந்து வெந்த மணம் எழுந்தது. நிறுத்துமுன் அது தானே நின்றது. பக்கத் துளையில் நீர் பாய்ந்துகொண்டுதான் இருந்ததாம். கைப்பேசிக்கு அலை எட்டவில்லை; பாயோ வீட்டுப் பரண்மேல் கிடந்தது. கொண்டல் காற்று வலுத்த அவ்விரவு முழுவதும் நங்கூரத்தை நம்பி இருவரும் மிதந்தனர். மறுநாள் முற்பகலில் அயலூர் வள்ளம் ஒன்று கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. அவ்விரவில் யாம் நகரத்தில், எமது அறையில், அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தோம். விடிந்தபின் தாயார் தொலைபேசியிற் பேசிய குரல் இன்றளவும் எம் காதை விட்டு அகலவில்லை.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்த பட்டறை அண்ணாச்சி எம்மை அழைத்து அதன் உட்புறத்தைக் காட்டினார். பின் சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடவேண்டிய இடைவெளி, வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்புபோல் வெண்மையான ஒரு பொருளாலும், துருப்பொருக்காலும் அடைந்து கிடந்தது. முன் சிலிண்டரின் வழி திறந்திருந்தமையால் நீர் அவ்வழியே சென்று வெளியே பாய்ந்திருக்கிறது. பின் சிலிண்டரோ நீரின்றி வெந்திருக்கிறது. பாய்ச்சல் பொய் கூறவில்லை. முழு உண்மையைக் கூறவில்லை, அவ்வளவே.

இவ்வெண்பொருள் யாது? ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி நாம் உண்ணும் உப்பே. அது எளிதில் படியாது. ஆனால் அதனுடன் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் கரைந்துள்ளன. சர்க்கரை சுடுநீரில் மிகுதியாகக் கரைவதை யாவரும் அறிவோம். இச்சத்துக்களின் இயல்போ அதற்கு மாறானது. நீர் சூடேறச் சூடேற அவை கரைந்திருக்கமாட்டாமல் பிரிந்து, மிகச் சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படிவம் உஷ்ணத்தைத் தடுப்பதால் அவ்விடம் மேலும் சுடும், மேலும் படியும். இதனாலேயே கடல்நீர் நேரே ஓடும் எஞ்சின்களை 60 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் ஓட்டுவது வழக்கம். அதுவும் கேடின்றி முடிவதில்லை. டீசல் எஞ்சின் 80 பாகையளவில் ஓடினாற்றான் எண்ணெய் நன்கு எரியும். குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் புகையிலுள்ள நீராவியும் கந்தகமும் கூடி அமிலமாகப் படிந்து இரும்பை அரிக்கும். ஆகவே எமது எஞ்சின் சூட்டாலும் கெட்டது, குளிராலும் கெட்டது என்று கூறலாம்.

புதிய எஞ்சின் வாங்கப் பொருளில்லை. பழையதையே சீர்செய்து மீண்டும் கடல்நீரை ஓடவிட்டால் சில ஆண்டுகளில் இதே நிலை வரும். எஞ்சினுக்குள் நன்னீரே சுற்றவேண்டும். கடல்நீர் அந்நன்னீரைக் குளிரச்செய்யவேண்டுமேயன்றி எஞ்சினுக்குள் நுழையலாகாது. இதுவே வழி என்று யாம் கூறினோம். இஃது யாம் கண்டுபிடித்த புதுமையன்று. நீராவிக் கப்பல்களின் தொடக்க காலத்தில் கொதிகலத்திற்குக் கடல்நீரையே ஊட்டினர்; படிவத்தை நீக்கவும் உப்பேறிய நீரை வெளியேற்றவும் இடையிடையே பெருந்தொல்லை உற்றனர். 1834-ஆம் ஆண்டில் சாமுவேல் ஹால் என்னும் ஆங்கிலேயர், கடல்நீரால் குளிர்விக்கப்பட்ட குழாய்த் தொகுதியில் நீராவியைத் தண்ணீராக்கி, அத்தண்ணீரையே மீண்டும் கொதிகலத்துக்கு அனுப்பும் கலத்துக்கு உரிமை பெற்றார். 1838-இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்த ‘சிரியஸ்’ என்னும் நீராவிக் கப்பலில் அத்தகைய கலம் இருந்தது. நன்னீரை உள்ளே சுற்றவிட்டு உப்புநீரை வெளியே நிறுத்தும் கொள்கை கப்பற்காரர் அன்றே அறிந்ததாகும்.

இதனைச் செய்ய இருவகை உண்டு. வள்ளத்தின் அடிப்புறத்தில், கடலுக்குள்ளேயே ஒரு குழாயைப் பதித்து, நன்னீரை அதனூடே ஓட்டிக் குளிரவைப்பது ஒன்று. சேறும் பாசியும் மிகுந்த இடத்துக்கு அது நன்று. ஆயின் எமது வள்ளம் மணலில் இழுத்து ஏற்றப்படுவது. குழாய் ஒரு மாதமும் நில்லாது. மற்றொன்று, பட்டறைக்காரர் ‘கூலர்’ என்று வழங்கும் கலத்தை எஞ்சினருகே பொருத்துவது. ஓர் உருளைக்குள் பல மெல்லிய குழாய்கள் இருக்கும். குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும்; அவற்றைச் சூழ நன்னீர் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே உஷ்ணம் மட்டும் கைமாறும். இரண்டாவதையே தெரிந்துகொண்டோம்.

தாயாரிடம் இதனை விளக்கியபோது, “மனிதர் குடிக்க இல்லை, எஞ்சினுக்குக் குடிதண்ணீரா?” என்று வெகுண்டார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. “எட்டு லிட்டர் போதும் அம்மா, ஒரு முறை ஊற்றினால் அதே தண்ணீர் சுற்றிச்சுற்றி வரும்” என்றோம். “சுற்றி வருகிற தண்ணீர் கெட்டுப்போகாதா?” என்பது அடுத்த வினா. அதற்கு விடை கூறுமுன் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். உள்ளபடியே அவ்வினா பொருள் பொதிந்தது. வெறும் தண்ணீரை ஊற்றினால் உள்ளிரும்பு துருப்பிடிக்கும். எமது கிணற்று நீரை ஊற்றினாலோ அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் உள்ளே புகும். ஆதலின் மின்கலங்களுக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீருடன், துருவைத் தடுக்கும் மருந்து சேர்ந்த ‘கூலண்ட்’ எண்ணெயைக் கலந்து ஊற்றுவதென முடிவாயிற்று. தாயாரின் குடத்தை அதற்காகத் தொடவில்லை. ஆயின் வேறொன்றுக்காகத் தொட நேர்ந்தது.

2022-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் விசைப்படகுகளெல்லாம் பட்டறையை மொய்க்குமாதலால் அதற்குமுன் முடித்தாக வேண்டும். தூத்துக்குடியில் பழைய கப்பற் சாமான் விற்கும் கடையொன்றில் ஒரு கூலர் அகப்பட்டது. இருபது குதிரைச் சக்தி எஞ்சின் தண்ணீரிடம் ஒப்புவிக்கும் உஷ்ணத்தை 12 கிலோவாட் என மதித்தோம். அதனை ஏற்கும் கடல்நீர் பத்துப் பாகைமட்டும் சூடேறவேண்டுமாயின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 18 லிட்டர் ஓடவேண்டும். பழைய பம்பு அதற்குப் போதியதாக இருந்தது. கூலரின் வாய்களை அடைத்து, நீரில் அமிழ்த்தி, சைக்கிள் பம்பினால் காற்றேற்றினோம். ஒரு குமிழியும் எழவில்லை. அதன் ஓரத்தில் செருகப்பட்டிருந்த துத்தநாகக் குச்சி மட்டும் அரித்துக் கரைந்து கிடந்தது. செம்பு கலந்த குழாய்க்கு வரவேண்டிய அரிப்பைத் துத்தநாகம் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன அறிஞர் கப்பல்களின் அடியிற் பதித்த செப்புத்தகட்டைக் காக்கக் கையாண்ட முறையே இது. செம்பு அரிபடாமல் நின்றது. ஆனால் செம்பின் நஞ்சு கரைந்து வராமையால் சிப்பியும் பாசியும் அதன்மேல் குடியேறின. ஒரு நோயைத் தீர்த்தால் மற்றொன்று தலைகாட்டும் என்பதை அப்பேரறிஞரும் கண்டார். யாமும் விரைவில் கண்டோம்.

கூலரை மாட்டுவதற்குமுன் எஞ்சினின் உட்புறம் தூய்மையாக வேண்டும். துருவினுள் புதைந்த உப்பு நன்னீர்ச் சுற்றில் கரைந்தால் எல்லாம் வீண். சுரண்டியது போக எஞ்சிய படிவத்தை எலுமிச்சையமிலக் கரைசலால் கரைத்தோம். பின்னர் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். இதற்கே தாயாரின் குடங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் வெளிவரும் நீரில் ஒரு துளியைத் தந்தையார் நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, “இன்னும் கரிக்கிறது” என்று துப்புவார். பதினோராவது குடத்தில்தான் தலையசைத்தார். குடங்களை எண்ணிக்கொண்டே நின்ற தாயார், “என் மக்களைக் குளிப்பாட்டக்கூட இத்தனை குடம் ஆகவில்லை” என்றார். சினம் ஆறிவிட்டது என்று அதனால் அறிந்தோம்.

அமைப்பு முடிந்தது. பழைய பம்பு கடல்நீரைக் கூலருக்குத் தள்ளும். அது குழாய்களினூடே சென்று முன்போல் பக்கத் துளையில் வெளியேறும். பட்டையால் ஓடும் புதிய பம்பு ஒன்று நன்னீரைச் சிலிண்டர்களைச் சுற்றி ஏற்றி, எஞ்சினின் முன் மேற்பாகத்திலுள்ள தெர்மோஸ்டாட் வழியாகக் கூலருக்கு அனுப்பி, மீண்டும் தன்னிடம் வாங்கிக்கொள்ளும். சூட்டால் நீர் விரிவதற்கும், குறைந்தால் நிரப்புவதற்கும் ஒரு சிறு தொட்டி. அதன்மேல் அரை வாயுமண்டல அழுத்தத்தைத் தாங்கும் மூடி. அவ்வழுத்தத்தில் நீர் 111 பாகையளவில்தான் கொதிக்கும். எஞ்சின் பெட்டியின் பின்புறத்தில் இடம் காலியாக இருந்தது. தொட்டியை அங்கே, தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் பொருத்தினோம். அவ்விடத்தைக் குறித்தவர் யாமே. கரையில், ஒரு பீப்பாயிற் கடல்நீரை வைத்து அரைமணி நேரம் ஓட்டிப்பார்த்தோம். உஷ்ணமானியின் முள் 80-இல் ஆணியடித்தாற்போல் நின்றது. அண்ணாச்சி எம் தோளைத் தட்டினார். யாம் சற்றே நிமிர்ந்து நடந்தோம் என்பதை மறைப்பானேன்?

மறுநாள் விடியலில் வள்ளத்தைக் கடலில் இறக்கினோம். ஐந்து பாக ஆழம் வந்ததும் தமையனார் எஞ்சினை விசையாக முடுக்கினார். பத்து நிமிடத்தில் முள் 90-ஐத் தாண்டியது. பின்னர் 95. பக்கத் துளையில் நீர் ஆறாகப் பாய்ந்துகொண்டிருந்தது. “உஷ்ணமானிதான் கெட்டிருக்கவேண்டும்; தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது” என்றோம். சொல்லி முடிக்குமுன் தந்தையார் வள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து, பாய்கின்ற நீரில் உள்ளங்கையை நீட்டினார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“தம்பி, தண்ணீர் குளிர்ந்தல்லவா இருக்கிறது? எஞ்சின் சூடு எங்கே போயிற்று?”

அவ்வளவுதான் கேட்டார். எமக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சூட்டைச் சுமந்து வரவேண்டிய நீர் குளிர்ந்து வருமானால், சூடு அதனிடம் வந்து சேரவில்லை என்பதே பொருள். நன்னீர் உள்ளே சுற்றவில்லை. இக்கல்லூரியின் ஆய்வுகூடத்தில் செம்புக் கலோரிமானியைக் கையில் வைத்துக்கொண்டு, சூடான பொருள் இழந்த உஷ்ணமும் குளிர்ந்த பொருள் பெற்ற உஷ்ணமும் சமம் என்று எத்தனை முறை எழுதினோம்! மதிப்பெண்ணும் பெற்றோம். அவ்வேட்டை அங்கேயே மூடிவைத்துவிட்டு வந்தோம். தந்தையாரோ ஏட்டைத் திறவாமலே அக்கணக்கை உள்ளங்கையில் போட்டார். எஞ்சினை உடனே நிறுத்தினோம். தமையனார் தொட்டியின் மூடியில் கைவைக்க, அண்ணாச்சி பாய்ந்து தடுத்தார். சூட்டோடு திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும்.

ஆறியபின் பார்த்தோம். தெர்மோஸ்டாட் இருந்த அறையில் நீரில்லை, காற்று அடைந்திருந்தது. காற்றில் நிற்கும் தெர்மோஸ்டாட் உரிய காலத்தில் திறவாது. திறந்தாலும் காற்றைத் தள்ளிப் பம்பு நீரை ஏற்றாது. கரையில் ஓடியது கடலில் ஏன் ஓடவில்லை? தந்தையாரே விடை கூறினார். “மணலில் இருக்கிற வள்ளம் வேறு, தண்ணீரில் ஓடுகிற வள்ளம் வேறு. ஓடும்போது அணியம் தூக்கும், பின்பக்கம் அமுங்கும்.” பின்புறம் அமுங்கவே, அங்கே வைத்த தொட்டி தாழ்ந்துவிட்டது, எஞ்சினின் முன்புறம் உயர்ந்துவிட்டது. நீர் தாழ்ந்த தொட்டியை நாட, தொட்டியிலிருந்த காற்று உயர்ந்த அறையைப் பிடித்துக்கொண்டது. யாம் அளந்த இரண்டு விரற்கடை மணலில் அளந்தது. கடலில் அது கணக்கில் வரவில்லை.

திருத்தம் எளிது, ஆயின் தொட்டியை முன்புறம் உயர்த்த வேண்டுமானால் எஞ்சின் பெட்டியின் மூடுபலகையை அறுக்கவேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் தந்தையார் அமர்ந்து வந்த பலகை அது. அவர் அமர்வின் வடிவமே அதில் பதிந்திருந்தது. யாம் தயங்கினோம். தமையனாரும் வாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தந்தையார் அதை வாங்கித் தாமே அறுத்தார். தொட்டி ஒரு சாண் உயர்ந்தது. தெர்மோஸ்டாட் அறையிலிருந்து காற்று வெளியேற, எங்கும் தாழாமல் ஏறிச்செல்லும் சிறு குழாய் ஒன்று வைத்தோம். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர்த் துளையும் இட்டோம். இம்முறை வள்ளம் மிதக்கும்போதே, எஞ்சினை மெல்ல ஓட்டிக்கொண்டு, குமிழிகள் அடங்கும் மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக நீரை நிரப்பினோம். பின்னர் விசையாக ஓட்டினோம். முள் 82-இல் நின்றது. தந்தையார் மீண்டும் கையை நீட்டினார். “வெதுவெதுப்பு” என்றார். கடல்நீர் அன்று 29 பாகை, பாய்ச்சல் 38. கணக்கிட்டதற்கு ஒரு பாகைதான் குறைவு.

அடுத்த ஈராண்டும் அவ்வெஞ்சின் கடலில் நிற்கவில்லை. காலையில் முடுக்கும்போது எழுந்த வெண்புகை குறைந்தது. செலவு புதிய எஞ்சினின் விலையில் நான்கிலொரு பங்கும் ஆகவில்லை. ஆயினும் புதிய அமைப்புப் புதிய விழிப்பைக் கேட்கிறது என்பதையும் கூறுதல் வேண்டும். முன்பு பக்கத்துப் பாய்ச்சல் ஒன்றைப் பார்த்தால் போதும் என்றிருந்தோம். இப்போது வெளிநீர், உள்நீர் இரண்டையும் பார்க்கவேண்டும். புறப்படுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, தொட்டியின் மட்டத்தைப் பார்க்கவேண்டும். மட்டம் தாழ்ந்துகொண்டே வந்தால் எங்கோ கசிவு உண்டு. தொட்டிநீர் கரித்தால் கூலரின் குழாய் ஒன்று ஓட்டையாகியிருக்கும். ஆனால் கூலண்ட் நஞ்சு. அதனை நாவில் வைக்கலாகாது. இதனைத் தந்தையாருக்கு உணர்த்துவதே எமக்குப் பெரும்பாடாயிற்று. உப்பை அளக்கும் சிறு கருவியொன்றை வாங்கிக் கொடுத்தபின்னரே நாக்குச் சோதனையை விட்டார். துத்தநாகக் குச்சியை ஆறு மாதத்துக்கொருமுறை தமையனார் மாற்றுகிறார். பாயும் பரணிலிருந்து இறங்கி மீண்டும் வள்ளத்தில் இடம்பெற்றது. எந்த எஞ்சினையும் முற்றும் நம்பலாகாது என்பது தாயாரின் கட்டளை.

இக்கல்லூரியில் இன்று பௌதிகம் பயிலும் இளைஞர்களுக்கு யாம் சொல்லத்தக்கது சிறிதே. ஆய்வுகூடத்தில் நீங்கள் அளக்கும் உஷ்ணம் தேர்வோடு முடிவதன்று. உங்கள் வீட்டிலோ, தொழிலிடத்திலோ, ஏடறியாத ஒருவர் அதே அளவையைக் கையால் அளந்துகொண்டிருப்பார். அவரைக் கேளுங்கள், அவர் கேட்கும் வினாவுக்கு விடை கூறவும் முயலுங்கள். தாயார் கேட்ட, சுற்றிவரும் நீர் கெடாதா என்னும் வினாவுக்கு யாம் அன்று விடை கூறவில்லை. கெடும் என்பதே விடை. மருந்தின் வலு இரண்டாண்டில் குறையும், மாற்றியாக வேண்டும். 2024-இல் மாற்றும் நாள் வந்தபோது அவரிடம் அதனைக் கூறினோம். “அன்றைக்கே கேட்டேனே” என்று சொல்லிவிட்டு, எட்டு லிட்டர் காய்ச்சி வடித்த நீர் வாங்குவதற்கான பணத்தைத் தம் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து எம் கையில் வைத்தார்.